மூன்று கரண்டி நார்ப்பொடியும் ஒரு ஷேர் ஆட்டோப் பயணமும்: குடல் பாக்டீரியா பற்றி ஒரு சந்தேகம்

அச்சுக்கோப்பவன் (கேள்வி):

வணக்கம். தங்கசாலையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்தே இந்தத் தொழில்தான். இப்போது கல்யாணப் பத்திரிகையும் மருந்துப் பெட்டி அட்டையும் சோறு போடுகின்றன.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் நார்ப்பொடி டப்பாவுக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தார். ‘ப்ரீபயாடிக்: உங்கள் நல்ல பாக்டீரியாவுக்கு உணவு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உட்பொருள் என்ற இடத்தில் ஒரே சொல், இனுலின். மெய்ப்புப் பார்த்தபோது எழுத்துப்பிழை என்று நினைத்து அதை ‘இன்சுலின்’ ஆக்கிவிட்டேன். நல்ல வேளையாக அடிப்பதற்கு முன் அவர் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டே இரண்டு டப்பாவை இலவசமாகக் கொடுத்து, ‘சாப்பிட்டுப் பாருங்கள், இனி மறக்காது’ என்றார்.

மறக்கவே மறக்காது. ஒரு கரண்டி 5 கிராம் என்று நானே அடித்த லேபிளில் இருக்கிறது. காசு கொடுக்காத பொருள்தானே என்று மூன்று கரண்டியை மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் திருவொற்றியூர் கிளம்பினேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் வயிற்றுக்குள் யாரோ தவில் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஷேர் ஆட்டோவில் என்னையும் சேர்த்து ஏழு பேர். மேலே விவரிக்க விருப்பமில்லை. தேரடிக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன்.

என் சந்தேகம் இதுதான். பொடி கெட்டதா, என் வயிறு கெட்டதா? ‘வாரம் இரண்டு முறை வாழைத்தண்டு சமைக்கிறேனே, அதில் இல்லாத நாரா டப்பாவில் இருக்கிறது?’ என்று மனைவி கேட்கிறாள். ‘நாலு நாள் பழைய சோறு தின்னு, எல்லாம் சரியாகும்’ என்கிறார் அம்மா. நார் என்றால் எல்லாம் ஒன்றுதானா? பாக்டீரியா அதைத் தின்றால் எனக்கென்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர் லோகோ:

லாபம் லேபிள் அடித்தவருக்கும் டப்பா விற்றவருக்கும்தான். என் தாத்தா ரயில்வேயில் கரி அள்ளியவர். கேழ்வரகுக் கூழும் கருவாடும் தின்று எண்பத்தாறு வயது வரை இருந்தார். பாக்டீரியாவுக்கென்று தனியாகப் படி அளந்ததில்லை. பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கீரை வாங்குங்கள்.


காற்றில்லாச் சாடி:

அச்சகக்காரரே, உங்கள் வயிறும் கெடவில்லை, பொடியும் கெட்டதில்லை. அளவுதான் கெட்டது.

லோகோ நண்பரே, உங்கள் தாத்தா படி அளக்கவில்லை என்பது சரியில்லை. ஒவ்வொரு குவளைக் கூழிலும் அளந்துகொண்டுதான் இருந்தார். அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நான் மருத்துவர் அல்லன். ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் எங்கிருந்து வந்தது என்றால், காற்றுப் பட்டால் செத்துவிடும் பாக்டீரியாக்களை வளர்க்க ஆக்சிஜனை அகற்றி இறுக்கி மூடும் சாடி ஒன்று உண்டு. இரண்டு நாள் கழித்து அதைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அறை முழுக்கப் பரவும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார்கள். அந்த வாடையில் ஒரு பங்கு பியூட்டிரிக் அமிலம். வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். உங்கள் பெருங்குடல் சுவரின் உட்பக்கச் செல்கள் தங்கள் சக்தியில் பெரும்பங்கை அதை எரித்துத்தான் பெறுகின்றன. அதை அங்கேயே காய்ச்சித் தருவது பாக்டீரியா. அதற்கு வேண்டிய சரக்கு, நீங்கள் செரிக்க முடியாமல் கீழே தள்ளிவிடும் நார். உங்களுக்கென்ன லாபம் என்று கேட்டீர்களே, இது முதல் லாபம்.

ஏன் செரிக்க முடியவில்லை? சோற்று மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் எச்சிலிலும் கணையநீரிலும் இருக்கிறது. இனுலினும் சரம்தான், ஆனால் ஃப்ரக்டோஸ் மணிகள், முடிச்சும் வேறு மாதிரி. அதற்கான நொதி மனித உடலில் இல்லை. ஆகவே சிறுகுடல் நெடுக யாரும் தொடாமல் வந்து பெருங்குடலில் இறங்குகிறது. (உங்கள் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுத்தது. காபித்தூளில் கலக்கும் அதே சிக்கரிதான். ஆனால் வறுபடும்போது இனுலினில் ஒரு பங்கு சிதைந்துவிடுகிறது. காபியை நம்பி இருக்க வேண்டாம்.)

அதற்குப் பிறகு நடப்பதைக் காசிமேட்டில் விடியற்காலை பார்க்கலாம். ஆளுயர மீன் ஒன்றை ஏலத்தில் எடுத்தவர் அதை முழுசாகக் குழம்பு வைக்க முடியாது. அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போகிறது. நடுத்துண்டு ஒருவருக்கு, தலை இன்னொருவருக்கு. சிதறியது பூனைக்கும் காக்கைக்கும். வெட்டத் தெரிந்தவர் ஒருவர் இல்லையென்றால் மீதிப் பேருக்கு அன்று வேலையில்லை.

பெருங்குடலிலும் இப்படி வெட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பாக்டீராய்டிஸ் தீட்டாஅயோட்டாஒமைக்ரான் என்று ஒன்று. தீட்டா, அயோட்டா, ஒமைக்ரான் என்று கிரேக்க எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்த பெயர். உங்கள் தொழிலுக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன். 2003இல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். உணவுச் சரங்களை வெட்ட மனிதரிடம் உள்ள நொதிகள் இருபதுக்கும் குறைவு. இந்த ஒற்றைச் செல் உயிரிடம் இருநூறுக்கும் மேல். அதன் தோல்மேல் உள்ள புரதங்கள் சரத்தை எட்டிப் பிடிக்கும், அங்கேயே துண்டாக நறுக்கும், துண்டுகளை உள்ளே இழுத்துப்போட்டு மிச்ச வேலையை முடிக்கும். பெக்டின் வந்தால் ஒரு கருவித்தொகுப்பு, மாவுச்சத்து வந்தால் வேறொன்று. எந்த நார் வருகிறதோ அதற்கான பெட்டியை மட்டும் திறக்கும்.

இனுலினுக்குப் பேர்போனவை பிஃபிடோபாக்டீரியாக்கள். 1899இல் பாரிஸில் ஹென்றி டிஸியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் கண்டவை. இவை பியூட்டிரிக் அமிலத்தைத் தயாரிப்பதில்லை. லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் வெளியே விடுகின்றன. பக்கத்தில் காத்திருக்கும் வேறு வகைகள் அவற்றை எடுத்து பியூட்டிரிக் அமிலமாக்குகின்றன. காசிமேட்டுக் கணக்குதான்.

எல்லா நாரும் ஒன்றா என்றால், இல்லவே இல்லை. எனக்கு நெடுநாளாக எரிச்சல் தரும் விஷயம் இது. ‘நார்ச்சத்து’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். ப்ரீபயாடிக் என்ற சொல்லை 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இருவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். குடலில் உள்ள சில உயிர்கள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்த வேண்டும், அதனால் மனிதருக்கு நன்மை விளைய வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அந்தப் பெயர். இசப்கோல் மலச்சிக்கலுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் அதைப் பாக்டீரியா பெரிதாகத் தொடுவதில்லை. கூழாக ஊறித் தன் வழியே போய்விடும்.

இனி உங்கள் தவில். இனுலின் வேகமாகப் புளிக்கும் சரக்கு. புளித்தால் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வரும், சிலர் குடலில் மீத்தேனும். பழக்கமில்லாத குடலில் ஒரேயடியாக 15 கிராம் இறக்கினால் ஊதாமல் இருந்தால்தான் வியப்பு. அரைக் கரண்டியில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்கெனவே குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அரைக் கரண்டியே வேதனை தரலாம். ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் பொடியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.


மொய்ங்கா வீட்டுப் பெண்:

சாடி ஐயாவுக்கு வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் ஆயா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் வியாபாரம். தினமும் பத்துப் பன்னிரண்டு வாழைத்தண்டு நறுக்குகிறோம். வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்திலும் இழுபடும் நூலைச் சுட்டுவிரலில் சுற்றி எடுத்துப் போட வேண்டும். சின்ன வயதில் அந்த நூல்பந்தை உருட்டித்தான் நானும் தம்பியும் விளையாடினோம். கடைக்கு வருகிறவர்கள் சூப்பை இரண்டாம் முறை ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு, ‘இது குடலைக் கழுவும்’ என்று சொல்லிப் போகிறார்கள். வாழைத்தண்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, ஐயா. மறந்துவிட்டீர்களா, இல்லை மனம் நோகும் என்று விட்டுவிட்டீர்களா?


காற்றில்லாச் சாடி:

மகளே, நோகும் என்றுதான் விட்டேன். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர். நாரில் பெரும்பங்கு செல்லுலோஸ். நீ விரலில் சுற்றி எடுக்கும் அந்த நூல் முரட்டுச் சரக்கு. மாட்டின் வயிற்றில் செல்லுலோஸை உடைக்கப் பெரிய பட்டாளம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. நம் பெருங்குடலில் இரண்டும் குறைவு. ஆகவே பெரும்பாலும் வந்தபடியே வெளியேறிவிடும். மலத்தைப் பருமனாக்கி நகர்த்தும், அது நல்ல வேலைதான். ஆனால் பாக்டீரியாவுக்கு விருந்து என்று சொல்ல முடியாது.

அதனால் மொய்ங்காவை நான் மட்டம் தட்டவில்லை. சூப்பில் எதைக் கரைக்கிறீர்கள்? கடலை மாவு. மேலே எதைத் தூவுகிறீர்கள்? பொரித்த பூண்டும் வெங்காயமும். பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று குட்டிச் சரங்கள் உண்டு. அவற்றை அவிழ்க்கும் நொதியும் நமக்கு இல்லை. சுண்டல் தின்றால் வாயு என்பதன் காரணமே அதுதான். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது இனுலின் குடும்பம். அச்சகக்காரர் டப்பாவில் வைத்திருப்பதை உங்கள் கடையில் தட்டின் மேல் தூவித் தருகிறீர்கள். புகழ் மட்டும் தண்டுக்குப் போய்விட்டது.

புகழே கிடைக்காத காய் கொத்தவரங்காய். ‘வாயு’ என்று வீட்டில் ஒதுக்குகிறார்கள். அதன் விதையில் உள்ள பசையை ராஜஸ்தானில் டன் கணக்கில் எடுத்து ஐஸ்கிரீமுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். அதே பசையைச் சிறு துண்டுகளாக நறுக்கிய வடிவில் வெளிநாட்டில் நார்ப்பொடியாக விற்கிறார்கள். வெந்தயத்திலும் அதே குடும்பத்துப் பசைதான். வாயு வருகிறது என்றாலே அங்கே யாரோ வேலை செய்கிறார்கள் என்று பொருள். கொஞ்சமாக, அடிக்கடி சமைத்தால் பழகிவிடும்.

அம்மாவின் பழைய சோறு பாக்கி. வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பகுதி மறுபடி இறுகி, நம் நொதிக்கு மசியாமல் பெருங்குடலுக்குப் போகிறது. இது உண்மை. அளவையும் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து சூடான சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, சாதாரண அறையில் பத்து மணி நேரம் ஆறியபின் 1.30 ஆனது. இரண்டு மடங்குதான், ஆனாலும் ஒரு கிராம் சொச்சம். பழைய சோற்றை நான் தினமும் சாப்பிடுகிறேன், சுவைக்காகவும் வெயிலுக்காகவும். கூடக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு கொஞ்சம் உயரும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்காட்லாந்தில் பதினான்கு ஆண்களுக்கு இப்படிச் செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் குடலில் ஏறக்குறைய முழுவதும் புளித்துவிட்டது. இரண்டு பேருக்கு 60 சதவீதத்துக்கு மேல் அப்படியே மிஞ்சியது. ரூமினோகாக்கஸ் வகையைச் சேர்ந்த பாக்டீரியா அந்த இருவரிடமும் மிகக் குறைவு. அரிவாள்மனைக்காரி அன்று வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அமிர்தமாக இருப்பது உங்களுக்கு வெறும் சக்கையாகப் போவது இப்படித்தான். அதனால்தான் ஒரே பொடியை நம்புவதைவிடப் பல வகை நார் நல்லது என்கிறேன்.


பெரம்பூர் லோகோ:

விளக்கமெல்லாம் அழகாக இருக்கிறது. நோயாளிக்குக் கொடுத்து, பலன் கிடைத்தது என்று எங்காவது நிரூபித்திருக்கிறார்களா? அதுவும் நம் ஊரில்?


காற்றில்லாச் சாடி:

நல்ல கேள்வி. வேலூரில்.

தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காலரா என்றால் சொல்ல வேண்டியதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கும், ஆனால் பேதியின் அளவை அது குறைப்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் அந்தக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம், செரிக்காத வகை மக்காச்சோள மாவைக் கலந்தார்கள். 48 காலரா நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். மாவு கலந்த குழுவுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. காரணம், அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியா கையில் பியூட்டிரிக், அசிட்டிக் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகிறது. அவை உறிஞ்சப்படும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே இழுக்கப்படுகின்றன. நோய் தாக்கியது சிறுகுடலை, கைகொடுத்தது பெருங்குடல்.

டப்பாக்காரர்கள் சொல்வதெல்லாம் இப்படி நிரூபிக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, மூட்டுவலி, மன அழுத்தம் எல்லாம் போகும் என்று அட்டையில் போட்டிருந்தால் உங்கள் சாக்கடை யோசனையை வழிமொழிகிறேன்.


மண்ணடி நோன்புக்கஞ்சி:

இடையில் ஒரு சிறிய சந்தேகம், ஐயா. நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் கடற்பாசி காய்ச்சாத வீடு இல்லை. அதுவும் தாவர நார்தானே? பாக்டீரியா தின்னுமா?


காற்றில்லாச் சாடி:

கடற்பாசியின் சரங்கள் நிலத்துத் தாவரங்களில் இல்லாத வகை. பெரும்பாலோர் குடலில் அதற்குக் கருவி இல்லை. ஆனால் ஜப்பானியர் குடலில் ஒரு பாக்டீராய்டிஸ், சுஷியில் சுற்றும் நோரிப் பாசியை வெட்டும் மரபணுக்களைக் கடலில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து எடுத்து வைத்திருப்பதை 2010இல் பிரான்சில் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சமைக்காத பாசியைத் தின்றதில், அதன் மேல் ஒட்டிவந்த உயிரிடமிருந்து இது கைமாறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. உங்கள் தெருவில் கொதிக்கக் காய்ச்சிவிடுகிறீர்கள், ஒட்டிவருவதற்கு எதுவும் மிஞ்சாது. சுவைக்காகச் சாப்பிடுங்கள். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.


அச்சுக்கோப்பவன் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொடியை அரைக் கரண்டிக்கு இறக்கினேன். பத்து நாளுக்குப் பிறகு ஒரு கரண்டி. வயிறு ஓரிரு முறை முனகியது, தவில் இல்லை. வாழைத்தண்டு பற்றி நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டியது நான் செய்த தவறு. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கொத்தவரங்காய் பருப்பு உசிலியை ‘உங்கள் சாடிக்காரர் சொன்னது’ என்று தட்டில் வைத்தாள். நன்றாகவே இருந்தது. அம்மா 1.30 கிராம் கணக்கைக் கேட்டுவிட்டு, ‘சோற்றை எடை போட்டா தின்கிறோம்?’ என்றார்.

வியாசர்பாடி அத்தோ கடையைத் தேடிப்போய் மொய்ங்கா சாப்பிட்டேன், பூண்டு கூடுதலாகக் கேட்டு. திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தேன், ஷேர் ஆட்டோவில் ஏறும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

லேபிள் வாடிக்கையாளர் இரண்டாம் பதிப்புக்கு வந்தார். ‘முதல் வாரம் அரைக் கரண்டி மட்டும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். அட்டையில் இடமில்லை என்றார். இடம் கண்டுபிடிப்பதுதானே என் தொழில். உட்பொருளுக்குக் கீழே ஆறு பாயின்ட் எழுத்தில் சேர்த்து மெய்ப்பு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.